பதினொரு கீபோர்டும் ஒரு தங்கச்சியும்

திண்டுக்கல்
10.11.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கச்சி ரீனாவுக்கு அண்ணன் சூசைராஜ் எழுதுவது. நானும் உன் அண்ணியும் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். கீபோர்டுதான் செத்துப்போனது.

பதறாதே. போன வாரம் சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் மேடையேறுகிற நேரம் பார்த்து நடுவில் இருக்கிற கட்டை ஒன்று அழுந்தியது அழுந்தியபடியே நின்றுவிட்டது. ஒரே ஒலி, விடாமல், ஒப்பாரி மாதிரி. வயரைப் பிடுங்குகிற வரைக்கும் ஓயவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கே வந்துவிட்டார். “ஏப்பா, இது கல்யாணமா கருமாதியா? செத்த நேரம் சும்மா இருந்தாலே போதும், அம்புட்டுத் துட்டையும் தந்திர்றேன்” என்றார். பதினான்கு வருஷ மேடை வாழ்க்கையில் சும்மா இருந்து சம்பளம் வாங்கியது அன்றைக்குத்தான்.

ஆகவே புதிதாக ஒன்று வாங்க வேண்டும். இதில் அவசரமும் இருக்கிறது. நம் பங்குச் சாமியார் சிலுவைமுத்து எட்டுப் பாட்டைப் பதிவு செய்து தரச் சொல்லியிருக்கிறார். மே மாதம் பங்குத் திருவிழாவில் அதே எட்டையும் மேடையில் வாசிக்க வேண்டுமாம். அதாவது வீட்டில் கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பதிவு செய்யவும் ஆக வேண்டும், மேடையில் ஊர் கேட்க வாசிக்கவும் ஆக வேண்டும். விலை முப்பதாயிரத்தைத் தாண்டினால் உன் அண்ணி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

இன்னொரு சிக்கல் உனக்கே தெரியும். நான் எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கட்டையில், ஒரே ஸ்கேலில்தான் வாசிப்பேன் என்பது உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். பாட்டுக்குத் தக்கபடி சுருதியை ஏற்றி இறக்குகிற அந்த டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒன்பது வருஷமாகப் பாடிக்கொண்டே நீதான் கையை நீட்டி அமுக்கினாய். என் இரண்டு கையும் கட்டை மேல் இருக்கும்போது இனி யார் அமுக்குவது?

அதனால் ஒரு யோசனை. மடத்துக்குப் போனவர்கள் எல்லோரும் தங்கிவிடுவதில்லை. நம் பங்கிலேயே மூன்று பேர் திரும்பி வந்து பிள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீ மே மாதத்துக்குள் வந்துவிடுவதாக இருந்தால் நான் இப்போது எதையும் வாங்காமல் பொறுத்திருக்கிறேன். வந்து பார்த்து நீயே எடு. உன் காது எனக்கு இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்,
சூசைராஜ்


நவகன்னியர் இல்லம், திருச்சி
24.11.2024

அன்பு அண்ணனுக்கு உன் செல்லத் தங்கை ரீனா எழுதுவது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

முதலில் ஒரு முக்கியமான செய்தி. இங்கே வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் எங்கள் மதர், சிஸ்டர் மரியசெல்வி, படித்த பிறகுதான் தருவார். இந்த இல்லத்தின் பழைய வழக்கம். எனவே உன் வெள்ளைக்கட்டை ரகசியம் தெரிந்தவர்கள் இப்போது நான்கு பேர். கருமாதி இடத்தில் அவர் சிரித்த சத்தம் தோட்டத்தில் கீரை பிடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்குக் கேட்டது.

கீபோர்டு விஷயம். கடைக்குப் போனால் இரண்டு சாதி காட்டுவார்கள். ஒன்றில் ஸ்பீக்கர், தாளம் எல்லாம் உள்ளேயே இருக்கும், பெட்டியைத் திறந்ததும் வாசிக்கலாம். இன்னொன்று முழுச் சின்தசைசர். ஒலியை நீயே வளைத்து நெளித்து உருவாக்கலாம், ஆனால் ஸ்பீக்கர் இருக்காது. உனக்கு முதல் சாதிதான் சரி. அறுபத்தொரு கட்டை போதும். மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் அழுத்தினால் அழுத்தமாகவும் ஒலிக்கிறதா என்று பார். கம்ப்யூட்டரில் செருக யூஎஸ்பி இருக்க வேண்டும். கமகம் வளைக்க இடப்பக்கம் ஒரு சக்கரம் இருந்தால் நல்லது. மேடை மிக்சருக்குப் போகும் வயருக்குத் தனித் துளை இருக்கிறதா என்றும் கேள். இவ்வளவுதான். இதற்கு என் காது வேண்டாம், உன் கண் போதும்.

அடுத்தது என் செய்தி. வருகிற மே 31-ஆம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று துறவற உறுதிமொழி எடுக்கிறேன். அன்றைக்கு வீட்டார் ஒருவர் எங்களைக் கையைப் பிடித்துப் பீடம் வரை அழைத்துப்போய் ஆயர் முன்னால் விட வேண்டும். அப்பா அம்மா இருந்தால் அவர்கள் செய்வார்கள். எனக்கு எட்டு வயதிலிருந்து இரண்டும் நீதான். வருவாயா அண்ணா? கீபோர்டைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் இதற்குப் பதில் எழுது.

அன்புடன்,
ரீனா

(பச்சை மையில்) திரு. சூசைராஜ் அவர்களுக்கு: எடையையும் பாருங்கள். மடத்தில் ஆர்மோனியம் தூக்கியே எனக்கு முதுகு போனது. — சி. மரியசெல்வி


திண்டுக்கல்
19.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

மதருக்கு என் வணக்கம். முதுகுக்குக் கற்பூராதித் தைலம் தேய்க்கச் சொல்.

நீ சொன்னபடியே கண்ணை வைத்துப் பார்த்தேன். மதுரையில் இரண்டு கடை, இங்கே ஒன்று, மொத்தம் ஏழு கீபோர்டு. மதுரையில் ஒரு பையன் கறுப்பாக, பளபளவென்று ஒன்றைக் காட்டினான். “ஸ்பீக்கர் எங்க தம்பி?” என்றேன். “இதுல இருக்காதுண்ணே, தனியா வாங்கணும்.” “சட்டை வாங்குனா கையைத் தனியாத்தான் குடுப்பியா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்தது எண்பத்தெட்டுக் கட்டை. குழுவின் தாளக்காரன் விக்னேஷ்குமார் ஆட்டோவில் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் முழம் முழமாக நீட்டிக்கொண்டு நிற்கும், எதிரே வருகிறவன் தலையை எடுத்துவிடும். இன்னொன்றில் கட்டைகள் குழந்தைப் பல் அளவு. என் ஒரு விரல் மூன்று சுரம் பேசுகிறது. நீ சொன்ன எல்லாமும் இருந்த ஒன்றையும் பார்த்தேன். ஆனால் அதன் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் ஒட்டன்சத்திரத்தில் பழையது ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். உடையப்பன் என்று காய்கறி மண்டிக்காரர். மகளுக்கு வாங்கினாராம். “ஏனுங்க, புள்ளை ரெண்டு நாள் தட்டுச்சுங்க, அப்புறம் தொடவே இல்லீங்க. பொட்டிகூட அப்படியே இருக்குதுங்க” என்றார். பதினான்காயிரத்துக்குத் தந்தார். மேலே ஒரு கட்டு முருங்கைக்காயும் வைத்தார். வாசித்துப் பார்த்தேன், தேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

இனிமேல்தான் கதை. புதுப்பொருள் வந்தால் மந்திரிக்காமல் எப்படித் தொடுவது? ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் மேசை போட்டு, பூமாலை சார்த்தி, சிலுவைமுத்து சாமியாரைக் கூப்பிட்டேன். மந்திரித்ததும் ஒரு பாட்டு வாசிக்கலாம் என்று சுவிட்சையும் போட்டு வைத்திருந்தேன். சாமியார் லாரிக்கும் டிராக்டருக்கும் மந்திரித்துப் பழகிய கை. டிராக்டருக்குத் தெளிக்கிற அளவிலேயே தீர்த்தம் தெளித்தார். மூன்று தரம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஆவி வந்தபோது கீபோர்டுக்குள்ளிருந்து புகை வந்தது.

அரிசி டிரம்மில் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். உன் அண்ணி அந்த இரண்டு நாளும் சோறு வடிக்கவில்லை, இட்லிதான். வெளியே எடுத்துப் போட்டால் எந்தக் கட்டையை அமுக்கினாலும் தவில் சத்தம். வேறு எதுவும் கிடையாது. பேகம்பூரில் தஹ்சீன் பாயிடம் தூக்கிப்போனேன். பிரித்துப் பார்த்தார்.

“தண்ணி பட்டுச்சாண்ணே?”

“தண்ணி இல்ல பாய், தீர்த்தம்.”

“தீர்த்தம்னாலும் போர்டுக்கு அது தண்ணிதாண்ணே.”

இதைச் சாமியாரிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “எப்படிப்பா வாசிக்குது?” என்று கேட்டார். “நல்லா சத்தமா இருக்கு சாமி” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாவத்தை அவரிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் இப்போதைய கவலை.

நீ கேட்ட விஷயம் பிறகு எழுதுகிறேன். மே மாதம் இன்னும் தூரத்தில் இருக்கிறது.

அண்ணன்,
சூசைராஜ்


திருச்சி
9.2.2025

அன்பு அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது மௌன நேரத்தில். மதர் படித்துவிட்டு நேராகச் சிற்றாலயத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செபிக்கிறார் என்று நினைத்தோம். தோள் குலுங்கியதைப் பார்த்து யாரோ இறந்துவிட்டார்கள் என்று பயந்தோம். மாலையில் என்னோடு இருக்கும் மற்றப் பதினொரு பேருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். தஹ்சீன் பாய் சொன்னதை இங்கே இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சாம்பாரில் தண்ணீர் கூடினாலும் அதுதான்.

சிரித்து முடித்த பிறகு நான் மறுபடி படித்தேன். உன் கடிதத்தில் “நீ சொன்ன எல்லாமும் இருந்த ஒன்றையும் பார்த்தேன், நிறம் பிடிக்கவில்லை” என்று இருக்கிறது. அண்ணா, நீ போட்டிருக்கிற சட்டையின் நிறமே என்ன என்று கேட்டால் குனிந்து பார்த்துச் சொல்கிறவன் நீ.

இன்னொன்று. என்னோடு கல்லூரியில் படித்த சபிஹாவை நினைவிருக்கிறதா? இப்போது உங்கள் பக்கத்துத் தெருப் பள்ளியில்தான் டீச்சர். என்னைவிட நன்றாகப் பாடுவாள். அவளைக் கூப்பிட்டுப் பேசு.

மே மாதம் தூரத்தில் இல்லை. வருவாயா மாட்டாயா?

அன்புடன்,
ரீனா

(பச்சை மையில்) ஐயா, முதலில் வாசித்துப் பார்த்துவிட்டுப் பிறகு சுவிட்சை அணைத்து மந்திரிக்கலாம். திருச்சபையில் இதற்குத் தடை இல்லை. — சி. ம.


திண்டுக்கல்
2.3.2025

தங்கச்சி ரீனாவுக்கு,

இன்னும் மூன்று பார்த்தேன். மொத்தம் பதினொன்று. ஒன்றில் பொத்தான்கள் எல்லாம் வலப்பக்கம் இருக்கின்றன, நீ எப்போதும் இடப்பக்கம்தானே நிற்பாய். ஒன்றில் தபலா சத்தம் தகர டப்பா மாதிரி. ஒன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விற்கிறவன் முகம் சரியில்லை.

சபிஹா நல்ல பெண்தான், இல்லை என்று சொல்லவில்லை. உன் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்திப் பாடவைக்க என்னால் ஆகாது. பதிவுக்கு உன் குரல் வருகிற இடங்களை அப்படியே காலியாக விட்டு வைத்திருக்கிறேன். தஹ்சீன் பாய் ஒட்டுப்போட்டுத் தந்த பழைய ஓட்டைக் கீபோர்டில் வாசித்தே ஐந்து பாட்டுக்கு இசை முடித்துவிட்டேன். கம்ப்யூட்டரோடு சேர்ப்பது பெரும்பாடு. நான் கட்டையை அமுக்கிவிட்டு ஒரு மிடறு டீ குடித்த பிறகு சத்தம் வருகிறது. அதையும் சமாளித்துவிட்டேன். நீ வந்து பாடினால் இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும்.

நீ அங்கே போனதிலிருந்து உன் அண்ணி நெத்திலிக் கருவாடு வாங்கினாலும் எனக்கு இறங்குவதில்லை. மூன்று தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறாள். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மே 31 சனிக்கிழமை. சனிக்கிழமை என் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை அதிகம். பார்க்கலாம்.

அண்ணன்,
சூசைராஜ்


திருச்சி
20.3.2025

அண்ணனுக்கு,

நேற்று மதர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் உன் கையெழுத்தில் ஒரு கடிதம். எனக்கு எழுதியது அல்ல, அவருக்கு. “இந்த வீட்டில் எல்லாக் கடிதத்தையும் இரண்டு பேர் படிப்பதுதான் வழக்கம். இதை மட்டும் நான் தனியாகப் படிப்பது நியாயமில்லை” என்று என்னிடம் நீட்டினார்.

படித்தேன். நான் காலையில் எழமாட்டேனாம், எழுப்பினால் கடிப்பேனாம். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுக்கப்போகிறவள் வீட்டில் ஆறு ஜோடிச் செருப்பு வைத்திருந்தேன். கீழ்ப்படிதல் என்று எடுத்தால், எட்டு வயதிலிருந்து நீ சொன்ன எதையும் கேட்டதில்லை. பூசையில் பிரசங்கம் தொடங்கினால் தூங்குவேன். கருவாடு இல்லாமல் ஐந்து நாள் தாங்கமாட்டேன், ஆறாம் நாள் மடத்துக்கு ஆபத்து. “ஆகவே உங்கள் சபையின் நன்மைக்காகச் சொல்கிறேன், தயவுசெய்து என் தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்” என்று எழுதியிருந்தாய்.

சொந்த அண்ணன்! தங்கையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் கோள்! என் முகம் எரிந்தது. மதர் என்ன சொன்னார் தெரியுமா? “உன் அண்ணன் நல்ல மனிதர், ஒன்றுகூடப் பொய் எழுதவில்லை. இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. முன்னாலேயே எழுதியிருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.” பிறகு சிரிக்காமல் கேட்டார். “சொல் ரீனா, போகிறாயா?”

இல்லை என்று சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். அதைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

உன் கடிதத்தின் கடைசி வரியில், “உங்களிடம் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு இருந்தது ஒன்று” என்று எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் அழுதேன். மற்றதற்கெல்லாம் கோபம், இன்னும் ஆறவில்லை.

அண்ணா, நேராகவே சொல்கிறேன். நீ பார்த்த பதினொரு கீபோர்டிலும் ஒரு குறையும் இல்லை. ஒன்றை வாங்கிவிட்டால் நான் வரப்போவதில்லை என்று ஆகிவிடும், அதனால்தான் நீ வாங்கவில்லை. நான் வரப்போவதில்லை. உன் மேல் பாசம் இல்லாமல் அல்ல. இங்கே ஐந்து மணிக்கு எழுந்து, கருவாடு இல்லாமல், நான் சந்தோஷமாக இருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

நீ வராவிட்டால் பீடத்துக்குத் தனியாக நடப்பேன். வேறு யாருடைய கையையும் பிடிக்கமாட்டேன்.

ரீனா


திருச்சி
21.4.2025

அன்பு அண்ணனுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணியின் வாழ்த்தட்டை வந்தது, அதில் உன் கையெழுத்து இல்லை. கோபமாகவாவது எழுது. மதர் தினமும் தபால்காரரை எட்டிப் பார்க்கிறார்.

ரீனா


திண்டுக்கல்
9.5.2025

இயேசுவுக்கே புகழ்.

என் தங்கச்சி ரீனாவுக்கு,

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மதருக்கு அப்படி எழுதியது தப்புதான். எழுதும்போதே தப்பு என்று தெரியும். தெரிந்தே தபால்பெட்டியில் போட்டேன், போட்ட கையை வெளியே எடுக்க அரை நிமிஷம் ஆனது. மன்னித்துவிடு. மதரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவர் எப்படியும் இதைப் படிப்பார், ஆகவே நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் கடை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு டீச்சர் உள்ளே வந்தார். “அண்ணே, நான் சபிஹா. ரீனா லெட்டர் போட்டிருந்தா. எங்கண்ணன் கூப்பிடமாட்டான், நீயாவே போன்னு எழுதியிருந்தா. வந்துட்டேன். என்ன பாட்டு?” என்றாள். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள். உன் சிநேகிதிதான், சந்தேகமே இல்லை.

அவளும் தஹ்சீன் பாயும் சேர்ந்து என்னைக் கடைக்கு இழுத்துப்போனார்கள். ஐந்து மாதத்தில் முடியாத வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது. அறுபத்தொரு கட்டை, ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது, தொடுகிற அழுத்தத்துக்குத் தக்கபடி ஒலிக்கிறது, யூஎஸ்பி, கமகச் சக்கரம், மிக்சர் துளை எல்லாம் இருக்கின்றன. ஏழு கிலோ. இருபத்தாறாயிரத்து ஐந்நூறு. நிறம் என்ன என்று இப்போதுதான் எட்டிப் பார்த்தேன், கறுப்பு. ஜனவரியில் நிறம் பிடிக்கவில்லை என்றேனே, இதுதான் அது. சபிஹா ஒருமுறை பாடிப்பார்த்துவிட்டு, “போதும்ணே, இதுக்கு மேல தேடுனா அது தேடுறது இல்ல, ஒளிஞ்சுக்கிறது” என்றாள். நீ எழுதியதையே அவளும் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ஒரே சங்கடம் டிரான்ஸ்போஸ். இதில் அதற்குத் தனிப் பொத்தான் இல்லை. மூன்று படி உள்ளே போய்த் தேட வேண்டும், அதற்குள் பாட்டே முடிந்துவிடும். சபிஹாவைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளச் சொன்னேன். “நான் பாடவா, பொத்தான் அமுக்கவா? ஒண்ணு சொல்லுங்கண்ணே” என்றாள். வேறு வழியில்லை. நாற்பத்திரண்டு வயதில் கறுப்புக் கட்டை பழகினேன். மூன்று வாரம், காலை இரண்டு மணி நேரம். உன் அண்ணி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்தாள்.

எட்டுப் பாட்டும் பதிவாகிவிட்டன. கம்ப்யூட்டர் தாமதத்தைத் தஹ்சீன் பாய் ஏதோ ஒன்றைத் திருகிச் சரிசெய்தார். மூன்றாவது பாட்டின் சரணத்தில் உன் அண்ணியின் குக்கர் இரண்டு விசில் அடித்தது. சுருதி சேர்ந்திருந்ததால் விட்டுவிட்டோம். கேட்டவர்கள் புல்லாங்குழல் யார் என்று கேட்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவிழா மேடை. இந்த முறை சுவிட்சை அணைத்துத்தான் மந்திரித்தோம். சாமியாரிடம் பழைய உண்மையையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு மூன்று சொட்டு மட்டும் தெளித்தார். ஐந்தாவது பாட்டு, நீ எப்போதும் தனியாக எடுத்துப் பாடுகிற மாதா பாட்டு. அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினேன். சபிஹா நின்றாள். கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். ஆனால் கை நிற்கவில்லை ரீனா. ஒரு கட்டைகூடத் தவறவில்லை. நீ இல்லாமலும் அந்தப் பாட்டு முடிந்தது. முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

மே 31 வருகிறேன். கடையைப் பூட்டிவிட்டு நானும் உன் அண்ணியும் முதல் நாளே வருகிறோம். கூட்டிப்போய் விடுவதற்குத்தான் வருகிறேன், கூட்டிக்கொண்டு வருவதற்கு அல்ல. இதை மதரிடமும் சொல், வாசலில் ஆள் நிறுத்த வேண்டாம்.

அண்ணன்,
சூசைராஜ்

(பச்சை மையில், கடிதத்தின் அடியில்) ரீனா, இதை உன்னிடம் கொடுக்கத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இரண்டு முறை படித்தேன். — சி. ம.


திண்டுக்கல்
5.6.2025

அன்புத் தங்கச்சி சிஸ்டர் ரீனாவுக்கு,

இனி சிஸ்டர் போட்டுத்தான் எழுத வேண்டும் என்கிறாள் உன் அண்ணி. எழுதிப் பார்த்தேன், வருகிறது.

நாங்கள் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். ஆனால் ஊருக்குள் தலை காட்ட முடியவில்லை. பீடத்துக்கு முன்னால் நான் உன் கையை விடாமல் நின்றதை யாரோ போனில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆயர் இரண்டு தரம் தொண்டையைச் செருமியது வரைக்கும் அதில் இருக்கிறது. டீக்கடையில் காசு கொடுத்தால், “பார்த்துண்ணே, கையை விடுவீங்கள்ல?” என்று கேட்கிறார்கள். விக்னேஷ்குமார் ஆட்டோ ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு என்னைப்போலவே நின்று காட்டுகிறான். சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். சபிஹா பள்ளிக்கூடம் வரைக்கும் கதை போயிருக்கிறது.

நான் ஒன்றும் மறுக்கவில்லை. கறுப்புக் கட்டை பழகியதில் விரல் மரத்துப்போச்சு என்று சொல்லிவிட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

சபை உன்னை அனுப்பிய புது ஊர் எப்படி? ராமநாதபுரம் பக்கம் கருவாடு நன்றாக இருக்கும். மடத்தில் கேட்டுப் பார், வெட்கப்படாதே. இனி போன் உண்டு என்று மதர் சொன்னார். பேசு.

அண்ணன்,
சூசைராஜ்


ராமநாதபுரம்
15.6.2025

அன்பு அண்ணனுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பள்ளிக்கூட விடுதியில் நாற்பது பெண் பிள்ளைகள், ஒன்றும் சொன்ன பேச்சுக் கேட்காது. என் எட்டு வயதை நினைத்துக்கொள்கிறேன். கருவாடு வாரம் இரண்டு நாள். எட்டுப் பாட்டும் போனில் வந்தன, குக்கர் அருமை.

போனில் பேசலாம்தான். ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. இந்தக் கடிதத்தை யாரும் பிரித்துப் படிக்கமாட்டார்கள், ஒன்றரை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பச்சை மை இல்லாமல் தாள் மொட்டையாக இருக்கிறது.

நீ பயப்படாதே, எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எடுத்த வார்த்தைப்பாட்டை முழு மனதோடு எடுத்தேன்.

ஆனால் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீயும் விரல் மரத்துப்போச்சு என்று சொல்லித் திரிகிறாய். அண்ணா, நீ பீடத்தடியில் வந்து நின்றதுமே விரலைத் தளர்த்திவிட்டாய். ஆயர் செருமியபோது இன்னொரு தரம் தளர்த்தினாய். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

யாரிடமும் சொல்லாமல் பழியை நீ வாங்கிக்கொண்டாயே.

உன்,
ரீனா